அச்சமும் ஓசையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் பேசுவோர் சிலம்பின் சுவையையோ, குறளின் திறத்தையோ, கம்பன் காட்டும் காட்சிகளையோ எடுத்துக்கொள்வது நம் சங்கத்தின் மரபு. அவற்றை விரித்துரைக்கத் தகுந்த புலமையுடையோர் இம்மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தர். ஆகவே புலவர்க்குரிய பொருளைப் புலவர்க்கே விட்டுவிட்டு, செயற்குழு நம்மிடம் ஒப்படைத்த பொருளைப் பற்றியே பேசப் போகின்றோம். திகில் விளையாட்டுகளின் இசையும் ஒலியமைப்பும் என்பதே அப்பொருள். கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகின்றது. சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

இப்பொருள் நம் சங்கத்துள் நுழைந்த வரலாறு காலனி அறிந்ததே. நூலக அறையிலுள்ள கணினியில், சனிக்கிழமை இரவுகளில் நம் இளைஞர் சிலர் கூடி ‘சைலண்ட் ஹில்’ என்னும் விளையாட்டை ஆடி வருகின்றனர். விளக்கையும் அணைத்துவிட்டு ஆடுகின்றனர். ஒருநாள் அவ்வறையின் சன்னல் வழியே வெளிப்பட்ட ஓசையைக் கேட்டு, இரண்டாம் வரிசை வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீறிட்டு அழுதன. இரவுப் பணிக்குப் புறப்பட்ட பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், யாரோ இரும்பை அறுத்துத் திருடுகின்றனர் என்று கருதிக் கதவை இடித்தார். மறுவாரமே 11 கையொப்பங்களோடு செயற்குழுவுக்கு ஒரு மனு வந்து சேர்ந்தது. அவ்விளையாட்டை நூலகத்திலிருந்து நீக்க வேண்டும். அதில் இசை என்று ஒன்றுமில்லை, இரைச்சலே உள்ளது என்பது மனுவின் சாரம்.

மனுவோடு போயிருந்தால் இச்சொற்பொழிவுக்குத் தேவை எழுந்திராது. அவ்விளைஞர்களுள் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியவர். அவர் ஒலியமைப்பைப் பயின்று, இத்தகைய விளையாட்டுகளுக்கு ஓசை வகுக்கும் தொழிலுக்கே செல்வேன் என்று உறுதியாக நிற்கின்றார். அவருடைய தந்தையார் நம் நண்பர். ஓய்வு பெற அவருக்கு இன்னும் 3 ஆண்டுகளே உள்ளன. மகன் இரயில்வே தேர்வு எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வீட்டில் இரண்டு திங்களாகத் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருவருடைய இசைவையும் பெற்றே இதை இங்கே கூறுகின்றோம். ‘இரைச்சலைத் தொழிலாகக் கொள்வாரும் உளரோ?’ என்பது தந்தையாரின் வினா. நியாயமான வினாதான். அதற்கு விடை தேடவே நாம் சில வாரங்கள் அவ்விளைஞர்களோடு அமர்ந்து, அவர்கள் ஆடுவதைக் கண்டும், அதைவிட மிகுதியாகக் கேட்டும் வந்தோம்.

முதலில் அச்சத்தைப் பற்றி ஒரு சொல். அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அது பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கென்றும் வகுத்தார். இறை என்பதற்கு அரசன் முதலாகிய மேலோர் என்று உரை கூறுவர். அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு அந்நான்காம் வகை விளங்க உரையாசிரியர் தேவையில்லை! நகையையும் அழுகையையும் போல அச்சமும் கலைக்குரிய சுவையே என்பதை நம் முன்னோர் ஐயமின்றி உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டவே இதை எடுத்துரைத்தோம்.

இனி, அச்சம் எவ்வழியாக உள்ளே புகுகின்றது? கண் வழியாக என்றே பலரும் எண்ணுவர். ஆனால் கண்ணுக்கு இமையுண்டு; செவிக்கு அது இல்லை. கண் முன்னே இருப்பதையே காணும். செவியோ முதுகுக்குப் பின்னால் இருப்பதையும், சுவருக்கு அப்பால் இருப்பதையும், இருளில் இருப்பதையும் கேட்கும். இரயில்வே காலனியில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. வண்டி நிலையத்தில் நிற்கும்போது சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிச் செல்லும் தொழிலாளியை நம்மில் மூத்தோர் அனைவரும் கண்டிருக்கின்றோம். இரும்பின் வெடிப்பைக் கண் காணுமுன் அவர் செவி கண்டுவிடும். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், வெடித்த சக்கரம் ஒலி மழுங்கும். மார்கழியிலும் தையிலும் இக்கங்கைச் சமவெளியை மூடும் பனியில், சைகைக் கம்பம் கண்ணுக்குத் தெரியாதபோது, தண்டவாளத்தின் மேல் பட்டாசைக் கட்டி வைப்பதும் அந்நோக்கத்தோடுதான். என்ஜின் ஓட்டுநர்க்குக் கண் கைவிட்ட இடத்தில் செவி துணை நிற்கின்றது.

இதை நினைவில் வைத்துக்கொண்டால், ‘சைலண்ட் ஹில்’லின் நுட்பம் எளிதில் விளங்கும். அங்கும் பனிமூட்டமே முதன்மை.

அவ்விளையாட்டு ஜப்பானிய நிறுவனமாகிய கொனாமியால் 1999ஆம் ஆண்டில், சோனியின் முதல் ‘பிளேஸ்டேஷன்’ பெட்டிக்காக வெளியிடப்பட்டது. ஹாரி மேசன் என்னும் எழுத்தாளர், காணாமற்போன தம் வளர்ப்பு மகளைத் தேடி, ஆளரவமற்ற அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் அலைகின்றார். ஊரெங்கும் வெண்பனி. சில அடிகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இப்பனியைக் கலை நோக்கத்துக்காக மட்டும் வைத்தார்கள் என்று எண்ண வேண்டா. அக்காலப் பெட்டியின் ஆற்றல் குறைவு. தொலைவிலுள்ள கட்டடங்களையெல்லாம் ஒருங்கே வரைய அதனால் இயலாது. அக்குறையைப் பனியாலும் இருளாலும் மூடினர். மூடிய பனியே அவ்விளையாட்டின் பெரும்புகழாயிற்று. வறுமையில் வாழும் இல்லத்தரசி, இருக்கும் காயைக் கொண்டே விருந்து சமைப்பது போன்ற திறம் இது.

கண் இவ்வாறு கட்டப்பட்டபின் செவிதான் வழிகாட்டி. தொடக்கத்திலேயே ஹாரிக்கு ஒரு சிறு வானொலிப் பெட்டி கிடைக்கின்றது. அதில் எந்த நிலையமும் வாராது. ஆனால் கொடிய உயிர் ஏதேனும் நெருங்கினால் அதில் கரகரப்பு எழும். நெருங்க நெருங்க வலுக்கும். நாம் சிறுவராயிருந்த நாளில், சிற்றலை வரிசையில் இலங்கை வானொலியைத் தேடித் திருகும்போது கேட்ட அதே கரகரப்பு. ஒன்று வருகின்றது என்பதை அது சொல்லும். எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைச் சொல்லாது. கேட்பவன் நான்கு புறமும் சுழன்று பார்க்கின்றான். பார்த்தால் பனி. இவ்வளவே சூழ்ச்சி. இதில் பேய் உருவம் ஒன்றும் இன்னும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். நம் செயலாளர் அவர்கள் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தபோது, திரையில் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரத்தில்தான் நாற்காலியைப் பற்றிக்கொண்டார்!

இவ்வோசைகளை வகுத்தவர் அகிரா யமாவோகா. 1968ஆம் ஆண்டில் ஜப்பானின் நீகாட்டாவில் பிறந்தவர். கல்லூரியில் அவர் பயின்றது இசையன்று; பொருள்களையும் வீட்டின் உட்புறத்தையும் வடிவமைக்கும் கலை. 1993ஆம் ஆண்டில் கொனாமியில் ஊழியராகச் சேர்ந்தார். ‘சைலண்ட் ஹில்’லுக்கு முதலில் வேறொரு இசையமைப்பாளரே இருந்தார். அவர் விலகிச் சென்றபோது, ‘அப்பணியை நான் ஏற்கின்றேன்’ என்று யமாவோகா தாமாகவே முன்வந்தார். இதை நாம் மிகவும் நயந்தோம். பெரிய நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரராக இருக்கும் ஒருவர், தம் மேசைக்கு வாராத கோப்பைத் தாமே சென்று கேட்டு வாங்குவது எவ்வளவு அரிது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் அலுவலக நண்பர்கள் அறிவர்.

இசையை மட்டுமன்றி, காலடியோசை, கதவோசை முதலாகிய ஒலிக்குறிப்புகளையும் அவரே ஏற்றுக்கொண்டார். இதுவே அவருடைய கலையின் திறவுகோல் என்பது நமது எண்ணம். பாட்டு ஒருவரிடமும் ஓசை மற்றொருவரிடமும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி இருக்கும். இங்கே ஒருவரே இரண்டையும் ஆண்டமையால் வேலி அகன்றது. சுவருக்குப் பின்னால் கேட்கும் இடியோசை பாட்டின் தாளமா, யாரேனும் சுவரை இடிக்கின்றனரா என்று ஆடுவோன் திகைக்கின்றான். அத்திகைப்பே அச்சம்.

விளையாட்டின் உருவம் தண்மையாகவும் துருவேறியதாகவும் தோன்ற வேண்டும், அதுபோலவே இசையும் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். துருவுக்கு ஓசை ஏது என்று கேட்கலாம். 1970களில் இங்கிலாந்தில் ‘இண்டஸ்ட்ரியல்’ என்னும் ஓர் இசைவகை தோன்றியது; எந்திரங்களின் உராய்வு, தகட்டின் அதிர்வு, மின்னிரைச்சல் ஆகியவற்றையே பண்ணாகக் கொள்வது அது. யமாவோகா அதனைக் கையாண்டார். தாம் இசைத்தவற்றை முதன்முறை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது நிகழ்ந்ததைக் கேளுங்கள். விளையாட்டில் ஏதோ பிழை நேர்ந்து இரைச்சல் எழுகின்றது என்றே அக்குழுவினர் எண்ணிவிட்டனர்! இது பிழையன்று, இசையே என்று அவர் காரணங்களை எடுத்து விளக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே அவர்களும் மறுப்பைக் கைவிட்டனர். ஆகவே நம் காலனியில் மனு எழுதிய 11 பெருமக்களும், அதை உருவாக்கிய ஜப்பானியர்கள் முதலில் கொண்டிருந்த கருத்தையே கொண்டிருக்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

இன்னொரு புதுமையும் உண்டு. திரைப்படத்துக்கு இசையமைப்போர் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இத்தனை நொடியில் இந்த இசை என்று அளந்து வைப்பர். யமாவோகாவோ முதல் விளையாட்டுக்குக் காட்சிகளைப் பாராமலே தனியே இசையமைத்தார். இது பொறுப்பின்மை அன்று. விளையாட்டில் நேரம் இசையமைப்பாளர் கையில் இல்லை. ஒருவன் ஓர் அறையை அரை நிமிடத்தில் கடப்பான். மற்றொருவன் கதவைத் திறக்க அஞ்சிக் கால்மணி நேரம் நிற்பான். இருவருக்கும் அதே இசை பொருந்த வேண்டும். எங்கே தொடங்கியது எங்கே முடிகின்றது என்று தெரியாமல் சுழன்று வரவும் வேண்டும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டும் நாதசுவரக் குழுவினர்க்கு இக்கலையின் அருமை நன்கு புரியும். இங்கே கையசைத்துச் சைகை காட்ட ஒருவரும் இல்லை; இசையே காத்திருக்க வேண்டும்.

இக்கலைக்கு ஒரு முன்னோடியைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1978ஆம் ஆண்டில் டைட்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. வானிலிருந்து 55 பகைவர் அணிவகுத்து இறங்கி வருவர். அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். அதன் இசை நான்கே நான்கு தாழ்ந்த சுரங்கள். ஆனால் பகைவர் எண்ணிக்கை குறையக் குறைய அவர்கள் விரைந்து நகர்வர். அந்நான்கு சுரங்களும் உடன் விரையும். நெஞ்சு படபடப்பது போலவே கேட்கும். பகைவர் விரைவதற்குக் காரணமும் சுவையானது. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தமையால் கணிப்பொறி தானே விரைந்தது. அதைப் படைத்த டொமோஹிரோ நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். குறையை நிறையாக்கும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது.

கருவிகளின் எல்லையையும் சற்று நோக்குவோம். முதல் பிளேஸ்டேஷனில் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 512 கிலோபைட்டு. இன்று நம் கைப்பேசியில் பேரக்குழந்தையை எடுக்கும் ஒரு நிழற்படம் இதைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் 24. காலடி, கதவு, காற்று, வானொலிக் கரகரப்பு, விலங்கின் முனகல், இசை ஆகிய யாவும் அதற்குள் அடங்க வேண்டும். குறுந்தகட்டிலிருந்து நேரே இசையை ஓட்டவும் வழியுண்டு; ஆயினும் அத்தகடே காட்சிகளையும் தேடி எடுத்துத் தர வேண்டும். ஒரே தண்டவாளத்தில் சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் போவது போன்ற நெருக்கடி. இந்நெருக்கடிக்குள் துருவையும் குளிரையும் ஒலியாக்கிக் காட்டியவரை, இரைச்சல் செய்தவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இயலுமா?

இதற்குள் எல்லாம் இரைச்சல் மயம் என்று நினைத்துவிட வேண்டா. அவ்விளையாட்டு தொடங்கும்போது ஒலிப்பது மேண்டலின். ஆம், நம் மேண்டலின் சீனிவாஸ் கருநாடக இசை மேடையேற்றிய அதே கருவிக் குடும்பம்தான். ஆனால் அங்கே அது தனிமையில் நடுங்கும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய ‘ட்வின் பீக்ஸு’க்கு இசையமைத்த ஆஞ்சலோ படலமெண்டியின் தாக்கம் தமக்கு உண்டென்று யமாவோகா கூறியிருக்கின்றார். இனிமையும் கேடும் ஒரே வீட்டில் குடியிருப்பது போன்ற அந்த இசை இவருக்கும் வாய்த்தது.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் ‘சைலண்ட் ஹில்’லைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம். அனைத்திலும் சிறந்தது அதுவே என்பது நமது துணிபு. மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயால் இறந்துபோன மனைவியிடமிருந்து ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவருக்குக் கடிதம் வருகின்றது. நம் இருவருக்கும் உரிய இடத்தில் உனக்காகக் காத்திருக்கின்றேன் என்பது அதன் கருத்து. அவர் அந்த ஊருக்குச் செல்கின்றார். அங்கே அவர் காணும் கொடிய உருவங்கள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. அவர் நெஞ்சில் புதைத்து வைத்தவையே உருவெடுத்து வருகின்றன. தொல்காப்பியர் வகுத்த நான்கிலும் இது அடங்குமா என்பதைப் புலவர்கள் ஆராய்க. நமக்கு அடங்கவில்லை என்றே தோன்றுகின்றது. முடிவை நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் இளைஞர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள்.

இக்கதையின் உள்ளீடு அச்சத்தைவிடத் துயரமே என்பதை யமாவோகா நன்குணர்ந்திருக்க வேண்டும். ‘லாராவின் இசை’ என்று பொருள்படும் அதன் தொடக்க இசையில் கித்தாரே முன்னிற்கின்றது. கேட்பவர் அதனைத் திகில் விளையாட்டின் இசை என்று சொல்லவே மாட்டார். பிரிவைப் பற்றிய பாட்டு என்பர். நம் இல்லத்தார் சமையலறையில் இருந்தபடி அதைக் கேட்டுவிட்டு, ‘இது யார் இறந்ததற்குப் பாடியது?’ என்று வினவினார். கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒரு சொல்லும் இல்லாத இசையிலிருந்து அவ்வளவையும் அறிந்துகொண்டார்.

அழகிய பியானோ இசை ஓர் இடத்தில் வரும். அடுத்த கதவைத் திறந்தால், பல் மருத்துவர் துளைக்கும் கருவி போன்ற ஓசை. அதன் பின் நீண்ட அமைதி. இந்த அமைதியைப் பற்றித்தான் நாம் மிகுதியாகச் சிந்தித்தோம். எங்கே ஒலியை வைப்பது என்பதைப் போலவே, எங்கே வையாதிருப்பது என்பதும் அவர் கலையில் தெரிந்தெடுத்துச் செய்த செயல். நம் காலனியில் பிறந்த குழந்தைகள் இரவெல்லாம் ஷண்டிங் ஓசையில் அயர்ந்து உறங்குகின்றன. வேலை நிறுத்தக் காலத்திலோ, தடம் அடைபட்ட இரவிலோ ஓசை நின்றால்தான் விழித்துக்கொள்கின்றன. தாய்மார்கள் இதை அறிவீர்கள். பழகிய ஓசை நிற்கும்போது, எதுவோ நேர்ந்துவிட்டது என்று உடல் தானே எழுந்துகொள்கின்றது. யமாவோகா செய்வதும் அதுதான். முதலில் ஓசைக்குப் பழக்குகின்றார், பிறகு எடுத்துவிடுகின்றார்.

காலடியோசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் நடக்கும்போது மரத்தளத்தில் ஓர் ஓசை, இரும்புப் படியில் ஓர் ஓசை, மண்ணில் ஓர் ஓசை, தேங்கிய நீரில் ஓர் ஓசை. விளையாட்டு முழுவதும் ஆடுவோனோடு பிரியாமல் வருவது இவ்வோசை ஒன்றே. அதற்கு இவ்வளவு உழைப்பா என்று வியந்தோம். இருள் சூழ்ந்த நடைவழியில், தம் காலடியல்லாத மற்றொரு காலடி கேட்கும்போதுதான் அவ்வுழைப்பின் பயன் தெரிந்தது. தம் ஓசையை நன்கறிந்தவனுக்கே பிறிதோசை தெரியும். பெரும் வாள் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் உருவம் ஒன்றும் அதில் உண்டு. இரும்பு தரையில் உராயும் அவ்வோசைதான் அன்று பாயிண்ட்ஸ்மேன் நண்பரைக் கதவிடிக்க வைத்தது.

அதன் பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். 2003இல் மூன்றாவதும் 2004இல் நான்காவதும் வந்தன. மூன்றாவதிலிருந்து மேரி எலிசபெத் மெக்ளின் என்னும் பாடகியின் குரல் சேர்ந்தது. 2006இல் அவ்விளையாட்டு திரைப்படமானபோது, அவர் இசையையே அதில் கையாண்டனர். 2009ஆம் ஆண்டில் யமாவோகா கொனாமியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு மற்றொரு ஜப்பானிய நிறுவனத்தில் சேர்ந்தார். 2024ஆம் ஆண்டில் போலந்து நாட்டு நிறுவனமொன்று இரண்டாம் விளையாட்டைப் புதிதாக ஆக்கியபோது, அதற்கு இசையமைக்க அவரையே அழைத்தனர். 23 ஆண்டுகள் கழித்துத் தம் பழைய இசையைத் தாமே மீண்டும் தொடும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்?

இனி மனுவுக்கு வருவோம். தாய்மார்களின் குறை பொருளற்றதன்று. அமெரிக்கத் தரமதிப்பீட்டுக் குழு இவ்விளையாட்டுகளை 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்கே உரியவை என்று குறித்திருக்கின்றது. அது பெட்டியின் மேலேயே அச்சிடப்படும். ஆறாம் வகுப்புச் சிறுவர்கள் அண்ணன்மாரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதை நாமே கண்டோம். அதை நிறுத்தியாக வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சன்னலைத் திறந்து வைத்து ஒலிபெருக்கியில் கேட்பதும் கூடாது. ஹெட்போன் அணிந்து கேட்டால், இடப்புறமும் வலப்புறமும் பிரிந்து வரும் ஓசை இன்னும் தெளிவாக விளங்கும் என்பதால் இளைஞர்களுக்கும் இதில் இழப்பில்லை. ஆனால் ஆட்டத்தையே நூலகத்திலிருந்து அகற்ற வேண்டும் என்பதற்கு நாம் இசையவில்லை. நூலகத்தில் பேய்க்கதைப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய உள்ளன; அவற்றை மிகுதியாக இரவல் பெறுவோர் யார் என்பது பதிவேட்டில் உள்ளது. மனுவில் கையொப்பமிட்டோர் சிலரின் பெயரும் அதில் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம்.

நண்பருடைய வினா எஞ்சி நிற்கின்றது. இரைச்சலைத் தொழிலாகக் கொள்வாரும் உளரோ? உளர். யமாவோகாவின் வாழ்வே சான்று. எனினும் நண்பரின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட நாம் துணியவில்லை. யமாவோகாவுக்கு மாதச் சம்பளம் தந்த நிறுவனம் இருந்தது. நம் பிள்ளைக்கு அத்தகைய நிறுவனம் எங்கே கிட்டும், எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் விடையில்லை. இரயில்வே தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இலட்சக்கணக்கானோருள் அவர் தேறுவாரா என்பதற்கும் விடையில்லை. நாம் நண்பரிடம் ஒன்றே வேண்டினோம். மகன் செய்ததை ஒருமுறை கேளுங்கள், கேட்டபின் முடிவு செய்யுங்கள் என்றோம். ஏனெனில் கடந்த இரண்டு திங்களாக அம்மகன் சும்மா இருக்கவில்லை. நள்ளிரவில் யார்டுக்கு வெளியே வேலியோரம் நின்று, பெட்டிகள் மோதும் ஓசையையும், தடைக்கட்டையின் கிரீச்சொலியையும், பனியில் எங்கோ கேட்கும் ஊதலையும் கைப்பேசியில் பதிவு செய்திருக்கின்றார். அவற்றைக் கணினியில் இழைத்து, 6 நிமிட அளவில் ஓர் இசை ஆக்கியிருக்கின்றார். நண்பர் இன்னும் அதைக் கேட்கவில்லை. இன்று முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

தலைவர் அவர்களின் இசைவோடு இப்போது இரண்டு இசைகளை ஒலிக்கச் செய்யப் போகின்றோம். முதலாவது யமாவோகாவின் மேண்டலின் இசை. இரண்டாவது நம் காலனி மகனுடையது. சிறு பிள்ளைகளை அன்புகூர்ந்து வெளித்தாழ்வாரத்துக்கு அனுப்பி வையுங்கள். மகளிர் அணியினர் அங்கே சுண்டலோடு காத்திருக்கின்றனர். மேடை விளக்கு ஒன்றைத் தவிர மற்றவற்றை அணைக்கவும், மின்விசிறிகளைப் பத்து நிமிடம் நிறுத்தவும் தொண்டர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். விசிறி நின்றவுடன் உங்கள் செவிக்கு என்னென்ன கேட்கின்றன என்பதைக் கவனியுங்கள். இசை அதன் பிறகே தொடங்கும்.